கால்தடம் மேய்ந்த சருகுமான்

மேடையின் நடுவில் வீற்றிருக்கும் தலைவர் பரஞ்சோதி ஐயா அவர்களே! தோட்டத்தின் மூத்தவர்களே! விடியலில் வாளி தூக்கி, வெயிலில் ரப்பர் பால் சுமந்து, கிழங்கு அவித்து எங்களை வளர்த்த தாய்மார்களே! முன்னால் மண்ணில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே! என் பெயர் குணவதி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள்.

"சத்தமாப் பேசு பிள்ளே, பின்னாடி ஒண்ணும் கேக்கலை லா!" என்கிறார் ரமணி அக்கா. பேசுகிறேன் அக்கா.

ஜப்பான்காரன் காலத்தில் நம் தோட்டத்தில் என்ன இருந்தது? அரிசி இருந்ததா? இல்லை. துணி இருந்ததா? இல்லை. உப்பு இருந்ததா? அதுவும் இல்லை. பயம் மட்டும் பங்கீட்டுக்கு மேலேயே கிடைத்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். என் அப்பா தப்பி ஓடி, ஜெராய் மலை அடிவாரத்தில் ஓடைக்கு அப்பால் ஒரு குடிசையில் ஒளிந்திருந்தார். காய்ச்சலில் எழுந்து நடக்க முடியவில்லை. பால் வெட்டு முடிந்ததும் தினமும் நான் கிழங்கு கொண்டு போவேன்.

ஒரு நாள் ஓடைக்கரையில் ஒரு சருகுமான் நின்றது. பூனை அளவுதான் இருக்கும். அருகில் வந்து என் உள்ளங்கையை நக்கியது. உப்பில்லாத காலத்தில் என் வியர்வை அதற்கு உப்பு. பிறகு என் பின்னாலேயே வந்தது. திரும்பிப் பார்த்தேன். மண்ணில் என் கால்தடம் ஒன்றுகூட இல்லை. புல் மேய்வதுபோல் அது என் தடங்களை மேய்ந்துகொண்டே வந்திருந்தது!

"பொய்யி!" என்கிறான் ஒரு தம்பி. நானும் அப்படித்தான் நினைத்தேன், தம்பி. மறுநாளும் பார்த்தேன். ஓராண்டு முழுவதும் பார்த்தேன். சிப்பாய்கள் தேடிய பாதையெல்லாம் வெறும் மண்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கல் வந்தது. நம்மவர் என்ன செய்வோம்? நமக்கு உழைத்த உயிருக்குப் பொட்டு வைப்போம், மாலை கட்டுவோம். நானும் மஞ்சள் கொத்தை நாரில் கோத்து அதன் கழுத்தில் கட்டினேன். அன்புதான். அந்த அன்புதான் தவறு. கட்டிய கழுத்தோடு பின்னால் வந்ததே தவிர, அன்று அது ஒரு தடத்தையும் மேயவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அப்பாவுக்குக் கிழங்கு ஊட்டும்போது ஓடைப் பக்கம் குரல் கேட்டது. சிப்பாய்களை அழைத்து வந்த அய்யாவு கங்காணியின் குரல்.

"இந்தா பாருங்க தொரே, சின்னக் காலடி! நேரா அந்தாண்ட போவுது!"

கங்காணி அண்ணே, தலை குனிய வேண்டாம். உங்கள் முதுகில் துப்பாக்கி இருந்ததை நாங்கள் அறிவோம்.

"நீ ஓடிரும்மா, என்னை விட்டுரு" என்றார் அப்பா. எங்கே ஓடுவது? பால் வெட்டும் கத்தியால் மாலையை அறுத்தேன். "நீ யாருக்கும் சொந்தமில்லை, போ!" என்றேன்.

அது காட்டுக்குள் போயிருக்கலாம். போகவில்லை. துப்பாக்கிகள் இருந்த ஓடையை நோக்கி ஓடியது. குடிசையிலிருந்து ஓடை வரை இருந்த தடங்களை ஒரே மூச்சில் மேய்ந்தது. பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பியது. அதுவரை மேய்ந்த தடங்களையெல்லாம் வழி நெடுகக் கொட்டிக்கொண்டே ஓடியது! என் சின்னத் தடங்கள், அப்பா ஓடி வந்த நாளின் பெரிய தடங்கள், எல்லாம் ஆற்றில் போய் இறங்கின.

"ஐயோ, ஆளு ஆத்துல எறங்கிட்டான் தொரே! இனிமே எங்க போய் புடிக்கிறது?"

சிப்பாய்கள் திரும்பினார்கள். சருகுமான் திரும்பவில்லை.

அவையோரே! கட்டினால்தான் சொந்தமா? பொட்டு வைத்தால்தான் பாசமா? கயிறில்லாத கழுத்து எனக்காக ஓடியதே, அதைவிடப் பெரிய உறவு உண்டா? அப்படி ஒரு துணை கிடைக்காமல் சயாமிலேயே கிடந்துவிட்ட நம் ஆட்களையும் இந்த நேரத்தில் நினைக்கிறேன்.

மூன்றாம் வரிசையில் இருக்கும் என் அப்பாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. "கங்காணிக்குக் கண்ணு மங்கல், அவ்ளோதான் லா" என்று இப்போதும் சிரிக்கிறார், பாருங்கள். சிரிக்கட்டும். அப்படிச் சொல்ல அவர் உயிரோடு இருக்கிறார்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி, இரு கை கூப்பி வணங்குகிறேன்.