பூலம்மாள் மிதித்த மூட்டு

ஏந்தல்குறிச்சி என்று ஓர் ஊர். தாமிரவருணிக்கு வடக்கே, மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். அந்தப் பக்கம் ரயிலே வராத காலம். அங்கே எங்கள் வழியில் மூத்தவள் ஒருத்தி இருந்தாளாம், பெயர் பூலம்மாள்.

ஊருக்குக் குளம் ஒன்று, தெரு இரண்டு. மேலத்தெரு மேட்டில். கீழத்தெரு, குளத்தங்கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில். ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், சாதிதான், வேறென்ன. மழைக்கு முன்னால் கரைக்குக் களிமண் போட்டு மிதிக்க வேண்டும். வடபாதி மேலத்தெருவுக்கு, தென்பாதி கீழத்தெருவுக்கு. பெண்கள் கும்மி போட்டு மிதிப்பார்கள். பாட்டோடு மிதித்தால் கால் அலுக்காது, மண்ணும் ஒரே சீராக இறுகும்.

ஆனால் ஒரு தெரு மிதித்த மண்ணில் மறு தெரு கால் வைக்காது. எல்லை வருமுன்னே இவர்களும் நின்றுகொள்வார்கள், அவர்களும் நின்றுகொள்வார்கள். நடுவில் ஒரு வண்டி நீளத்துக்கு மண் கொட்டியபடியே கிடக்கும். அதை மிதிக்க ஆளில்லை. மானம் பார்த்து அது தானாக இறுகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ!

ஓர் ஐப்பசி. பிடித்த மழை விடவில்லையாம். குளம் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகால் பாய்ந்தது, பாய்ந்தும் தண்ணீர் ஏறியது. கரையின் நடுவுக்கு நேர் கீழே பூலம்மாள் குடிசை. உள்ளே அவள் மகள் முத்தாரம்மை, விடியலில் பிள்ளை பெற்று, இரத்தம் போய், துவண்டு கிடக்கிறாள். "கட்டிலோட தூக்குனாலும் உசுரு தங்காது" என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள்.

பூலம்மாள் வெளியே வந்து கரையடியைப் பார்த்தாள். தண்ணீர் கசிகிறது. கசிவது தெளிந்திருந்தால் பயமில்லை. இது கலங்கி வருகிறது. உள்ளே கரை கரைகிறது என்று அர்த்தம்.

மேலே ஓடினாள். அங்கே என்ன நடக்கிறது? மேலத்தெருவார் தங்கள் பாதியின் மேலேயே மண் கொட்டுகிறார்கள்! கீழத்தெருவாரும் அப்படியே.

"எங்க பாதி கல்லு மாதிரி இருக்கு" என்றார் மேலத்தெருப் பெரியவர் ஆவுடையப்பர்.

"எங்க பாதியுந்தான்" என்றார்கள் கீழத்தெரு ஆண்கள்.

"ரெண்டும் கல்லுதான் அய்யா! கொளம் போறது ரெண்டுக்கும் நடுவுல!" என்று கத்தினாள் பூலம்மாள்.

கலங்கலைப் பார்த்ததும் ஆண்களுக்கு நடுக்கம் பிடித்தது. நடுவில் களிமண்ணைக் கொட்டி, கண்டபடி குதித்தார்கள். குதித்த இடம் குழியானது; மிதித்த மண் பக்கவாட்டில் பிதுங்கியது. கசிவு கூடியது.

"குதிக்காதீக! பயந்த காலு மண்ண ஒடைக்கும். கும்மி போடுவோம்!"

சொல்லிவிட்டுப் பூலம்மாள் மண்ணில் இறங்கினாள். கீழத்தெருப் பெண்கள் பின்னால் இறங்கினார்கள். அவர்கள் மட்டும் போதாது. மேலத்தெருப் பெண்கள் தயங்கி நின்றார்கள். ஆவுடையப்பரின் மனைவி வடிவு சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"ஏட்டி வடிவு, ஏறு மேல!" என்று அதட்டினார் ஆவுடையப்பர்.

"வயக்காடு போன பெறவு எங்க ஏறச் சொல்லுதீரு, மலைக்கா?"

வடிவு இறங்க, மற்றவர்களும் இறங்கினார்கள். உடனே வந்தது வினை. மேலத்தெருக் கும்மி வலமாகச் சுற்றும், கீழத்தெருக் கும்மி இடமாகச் சுற்றும். இது இரண்டு தெருவுக்குமே அதுவரை தெரியாது. சேர்ந்து ஆடியிருந்தால்தானே தெரியும்! முட்டினார்கள், விழுந்தார்கள்.

"கண்ணு எங்கட்டி இருக்கு?"

"எதுக்க வாறது நீ, என்னயக் கேக்கியாக்கும்!"

யாருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. பூலம்மாள் சொன்னாளாம்: "பழகுன கால மாத்தாதீக. ஒங்க சுத்து ஒங்களுக்கு, எங்க சுத்து எங்களுக்கு. ஒண்ணுக்குள்ள ஒண்ணா சுத்துவோம்."

வெளிவட்டம் வலம், உள்வட்டம் இடம். கரை குறுகலாக இருந்ததால் வட்டம் நெல்மணி போல நீண்டது. நனைந்த கையில் கொட்டு எழவில்லை. வாயால் தாளம் சொன்னாள். "முன்கால அமுக்கு! குதிகாலத் திருப்பு!" ஆண்கள் மண் கொட்டினார்கள், கொட்டி முடித்தவர்கள் பெண்களின் காலைப் பார்த்து மிதிக்கப் படித்தார்கள். ஒரு பாதிச் சுற்றில் அவளுக்குக் குளம் தெரியும். மறுபாதியில் மகள் கிடக்கும் கூரை தெரியும். குளம், கூரை. குளம், கூரை. இரண்டு வட்டமும் எதிரெதிராக முறுக்க, களிமண் பிசைந்த மாவாகச் சேர்ந்ததாம். பொழுது சாய்வதற்குள் கசிவு தெளிந்தது. முத்தாரம்மை பிழைத்தாள்.

மறுநாள் மேலத்தெருவார் என்ன செய்தார்கள்? கரையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கீழத்தெருக் கால் பட்ட தீட்டுக்கு!

அடுத்த வருஷம் அவரவர் பாதியை அவரவர் மிதித்தார்கள். மழை வந்தது. நடுவில் மறுபடி கலங்கல். பூலம்மாளைக் கூப்பிட ஆவுடையப்பர் ஆள் அனுப்பினார்.

பூலம்மாள் அசையவில்லை. "நா மிதிச்ச எடத்தக் கழுவியாச்சுல்லா. கழுவுன கையாலயே வெத்தல பாக்கு எடுத்துக்கிட்டு எங்க தெருவுக்கு வரச் சொல்லும்."

இடுப்பில் பிள்ளையோடு முத்தாரம்மை அழுதாள். "யம்மா, போயிரும்மா. கர போச்சுன்னா மொதல்ல நாமதான்!"

"தெரியும்ளா. இன்னைக்கு அவரு வந்து கூப்பிடாம நாம போனா, எந்த வருசமும் நாம மிதிக்கணும், அவுக கழுவணும்."

சொன்னாளே தவிர, அவள் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று கலங்கலையே பார்த்தாள். விரல் தடிமன் இருந்தது கை தடிமன் ஆயிற்று. அப்புறம்தான் தெரு முனையில் தலை தெரிந்தது. ஆவுடையப்பர், தலையில் துண்டில்லாமல், நனைந்தபடி, தாம்பாளத்தோடு வந்தார். அதுவரை அவர் கால் அந்தத் தெருவில் பட்டதில்லை. பூலம்மாள் வெற்றிலையை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். தெருவே ஓடியது.

கரை நின்றது. இரண்டு பாதியும் சேரும் அந்த இடத்துக்குப் பூலம்மா மூட்டு என்று பெயர் நின்றது. இன்றும் அங்கே கும்மி இரண்டு வட்டமாக எதிரெதிரே சுற்றும். வெளியூர்க்காரர்கள் ஆடத் தெரியாதவர்கள் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். புரட்டாசி கடைசியில் மேலத்தெருப் பெரியவர் தாம்பாளத்தோடு கீழத்தெருவுக்கு வந்து கூப்பிட வேண்டும். கூப்பிட்டவுடனே பெண்கள் வெளியே வருவதில்லை. மேற்கே மலை மேல் கறுத்துக்கொண்டு வரும். அவர் வானத்தையும் சாத்திய கதவுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். உட்காருங்கள் என்று ஒருத்தியும் சொல்ல மாட்டாள்.