ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தே கால் மணி. வானம் மூட்டமாக இருந்தது. காற்றில் ஈரம் அதிகமில்லை. டைல் பதிக்க இதைவிட நல்ல வானிலை அமையாது. வெயில் உறைத்தால் கலவை அவசரமாக இறுகிவிடும். மழை பெய்தால் இறுகவே மறுக்கும். இதைச் சொல்லக் காரணம், அன்று நடந்ததற்கு வானிலையின்மேல் பழி போட முடியாது என்பதுதான்.

ஐயா, நீங்கள் கேட்பதற்கெல்லாம் ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்வேன். வாக்குமூலத்தில் கையெழுத்தும் போடுவேன். அதற்குமுன் அந்தக் குளியலறைத் தரையின் சாய்வை ஒரு பொறியாளர் அளந்து, முடிவை எழுத்தில் தர வேண்டும் என்று மட்டுமே கேட்டேன். ஒப்புக்கொண்டீர்கள். நான் செய்தது நியாயமா என்பது அந்தத் தாளில் இருக்கப்போகிறது. அது வரும்வரை பேசிக்கொண்டிருப்போம்.

வெளிநாட்டில் குளியலறைகளைச் சோதித்து ஒப்புதல் வழங்குவது என் பணியாக இருந்தது. அந்த நாட்டில் டைலுக்கு அழகு மட்டும்தான் வேலை. தண்ணீரைத் தடுப்பது அதன் அடியில் பூசப்படும் ரப்பர் போன்ற படலம். அதன்மேல் ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீரைத் தேக்கி, கீழ்த்தளத்தில் கசிவில்லை என்று கண்ட பிறகே முதல் டைல் பதியும். தரை, ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வடிகால் பக்கம் சாய வேண்டும். பக்கத்து நாட்டில் ஒன்றரை என்பார்கள். அவர்களைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. இங்கே ஒன்றே போதுமாம். சிமெண்டை உருண்டை உருண்டையாக அப்பி டைலை ஒட்டுகிறார்கள். தட்டினால் காலி டப்பாபோல் ஒலிக்கிறது.

என் வீட்டுக் குளியலறையைச் செய்தவர் என் தங்கையின் கணவர். நல்ல கொத்தனார், மரியாதை தெரிந்தவர். படலம் பூசச் சொன்னேன், பூசினார். கலவையை டைலின் முதுகு முழுக்கப் பரப்பச் சொன்னேன். முகம் சுளிக்காமல் பரப்பினார். சாய்வில் மட்டும் பிடிவாதம். இரண்டு சென்டிமீட்டர் வைத்தால் சோப்பு நீரில் கால் வழுக்கும் என்றார். இருமுறை பெயர்க்கச் சொன்னேன். இருமுறையும் பெயர்த்து, மறுபடி ஒன்றுதான் வைத்தார்.

அன்று சாய்வைக் காட்டும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் காட்டினேன். அவர் குந்தியபடி டைல் இடுக்குகளில் பூச்சை நிரப்பிக்கொண்டிருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை.

“குளிக்கத்தானே போறீங்க மச்சான், கப்பலா விடப் போறீங்க?”

நான் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை பிடிக்கும். பெயர்த்துவிடுங்கள் மாப்பிள்ளை என்றேன்.

“இந்த ஒரு சென்டிமீட்டரைப் பிடிச்சுத் தொங்கித்தானே அங்கேயிருந்து உங்களை வீட்டுக்கு அனுப்பினாங்க. இன்னுமா விடலை?”

அனுப்பவில்லை, விலகினேன். இந்தத் திருத்தத்தைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். மற்றபடி, அவர் சொன்னதற்கும் பின்னர் நடந்ததற்கும் தொடர்பு இல்லை. டைலைப் பெயர்க்கவே சுத்தியலை எடுத்தேன். டைலுக்கும் எனக்கும் நடுவே அவர் தலை இருந்தது.

முதல் அடியில் முன்புறமாகக் கவிழ்ந்தார். இரண்டாவது, காதுக்குப் பின்னால். எலும்பு உள்வாங்கியதைக் கைப்பிடியில் உணர்ந்தேன். மூன்றாவது தேவையற்றது என்பீர்கள். அவர் கை நீண்டு ரசமட்டத்தைத் தட்டிவிடும்போலிருந்தது. ஆகவே விரல்களின்மேல் அடித்தேன்.

அதன் பிறகுதான் இரத்தத்தைக் கவனித்தேன். அது வடிகாலுக்குப் போகவில்லை. வெள்ளை டைலின்மேல் ஒரு சாண் நகர்ந்து, தயங்கி, அகலமாகியது. எந்தக் கருவியும் எனக்கு இத்தனை தெளிவாகக் காட்டியதில்லை. அவரும் பார்க்கட்டும் என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்தேன். கண் திறந்திருந்தது, பேசவும் செய்தார்.

“அவளைக் கூப்பிடுங்க மச்சான். அவளை மட்டும் கூப்பிடுங்க.”

சற்றுப் பொறுங்கள் என்றேன். சோதனையை நடுவில் நிறுத்தினால் முடிவு செல்லாது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து, இரத்தம் அசைவதை நிறுத்தும்வரை காத்திருந்தேன். அதற்குள் அவரும் நிறுத்திவிட்டார். உடனே தூக்கிச் சென்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் கருதுவதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். அது அவர் துறை.

ஆத்திரத்தில் செய்தாயா என்றும் கேட்டீர்கள். சுத்தியலைக் கழுவித் துடைத்து அவர் பையிலேயே வைத்தேன். அவர் பாதியில் விட்ட இடுக்கை, அவர் காலைச் சற்று நகர்த்திவிட்டு, நானே நிரப்பி முடித்தேன். ஆத்திரக்காரன் இப்படிச் செய்வானா?

பிறகு தங்கையை அழைத்தேன். அவர் கேட்டிருந்தார் அல்லவா. அவள் வந்து கதவருகே நின்று, “அண்ணா, அவரை என்ன பண்ணி வச்சிருக்கே?” என்றாள். உள்ளே பாயப் பார்த்தாள். தோளைப் பிடித்துத் தடுத்தேன். பூச்சு காயவில்லை, மிதித்தால் கலைந்துவிடும் என்று பொறுமையாகவே சொன்னேன். என் மணிக்கட்டைக் கடித்துத் திமிறிக்கொண்டு போய் அவர்மேல் விழுந்தாள். மூன்று இடங்களில் பூச்சு கலைந்தது. அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

தாள் வந்துவிட்டதா? நன்றி. கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் முறையாக இருக்கின்றன. உரக்கவே படிக்கிறேன். ‘தரை, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் எங்கும் சீராகச் சாய்கிறது. நான்கு மூலைகளிலும் ஊற்றிய தண்ணீர் சிறிதும் தேங்காமல் வடிந்தது. இரத்தம் உறையும் தன்மையுடையதாதலால் அதைக் கொண்டு சாய்வை அறிய இயலாது. வேலை விதிப்படி உள்ளது, குறை எதுவுமில்லை.’

அழகான கையெழுத்து. அவர் எந்த நாட்டு விதிப்படி அளந்தார் என்பதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், ஐயா.