வெட்டக் கூடாத விளிம்பு

— வெட்டிட்டீங்களாண்ணே? எல்லாத்தையுமா?

— முப்பது புத்தகமும். ஏன் பாப்பா, மூஞ்சி இப்படி வெளுக்குது? தண்ணி குடிக்கிறியா?

— விளிம்ப வெட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேனே! சிவப்பு மையில, இவ்வளவு பெருசா! மேலயும் கீழயும் மட்டும் வெட்டுங்க, வலது பக்கம் மடிப்பு மடிப்பாவே இருக்கட்டும்னு!

— எழுதின. நானும் அத மெஷின் மேல ஒட்டி வச்சிருந்தேன். இதோ பாரு, இன்னும் இருக்கு. அப்புறம் காலையில நீதானே போன் பண்ணி மூணு பக்கமும் வெட்டிடுங்கன்ன?

— நானா?

— நீதான். எட்டு மணி. ஷட்டரத் தூக்கிட்டு உள்ள கால் வைக்கிறேன், போன் அடிக்குது.

— எட்டு மணிக்கு நான் கண்காட்சி ஹால்ல ஏணி மேல நின்னு விளக்கு மாட்டிக்கிட்டிருந்தேன்ணே.

— அப்ப ஏணி மேல இருந்து பண்ணியிருப்ப.

— விளையாடாதீங்க.

— நானா விளையாடுறேன்? சொல்றேன் கேளு. உன் குரல் எனக்குத் தெரியாதா? காகிதம் வந்துச்சா, நூல் பத்துமா, பசை காஞ்சுதான்னு மூணு மாசமா தினம் ரெண்டு வாட்டி போன் போட்டு உயிர வாங்கின குரல் அது. இன்னைக்கு என்னமோ ‘சார், சார்’னு கூப்பிட்ட. புத்தகம் முடியற நாள்ல பொண்ணுக்கு மரியாதை வந்துடுச்சேன்னு நினைச்சுக்கிட்டேன். அப்பக்கூடச் சொன்னேன், வெட்டினா வெட்டினதுதான், திரும்ப ஒட்டவே முடியாதுன்னு. ஆமாவா இல்லையா?

— இல்ல! நான் உங்கள என்னைக்காவது சார்னு கூப்பிட்டிருக்கேனா? நீங்க பழக்க தோஷத்துல வெட்டிட்டீங்க. நாள் பூரா நோட்டுப் புத்தகத்த மூணு பக்கமும் வெட்டி வெட்டி, கை தானா போயிடுச்சு. அத ஒத்துக்க வாய் வரல, போன் வந்துச்சுங்கிறீங்க.

— பாப்பா, இருபத்திரண்டு வருஷமா இந்த பிளேடோட குடும்பம் நடத்துறேன். தப்புப் பண்ணினா பண்ணினேன்னு சொல்லிடுவேன். ஒரு கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளை பேரையே வெட்டிட்டேன். நேராப் போய் மாப்பிள்ளை கால்லயே விழுந்தேன். இது நான் பண்ணின தப்பு இல்ல.

— அந்த போன எடுங்க. யாரு பண்ணினாங்கன்னு நம்பர் இருக்கும்ல.

— அது பழைய லேண்ட்லைன். அதுல அழுக்குதான் இருக்கும்.

— அண்ணே... வெட்டினப்புறம் ஒண்ணத் தொறந்து பார்த்தீங்களா?

— பார்த்தேன். அதான் கேக்கணும்னு இருந்தேன். முன்னாடி ஒரு கை ஊசி கோர்க்குது. திருப்பினா ஒரு பொண்ணு. இந்தப் பக்கம் தையல் மெஷின், திருப்பினா மறுபடி அந்தப் பொண்ணு. கன்னத்துல... யாரது?

— எங்க அக்கா.

— ம்.

— ஒவ்வொரு தாளும் ரெண்டா மடிச்சதுண்ணே. வெளியில தெரியறது அவ கை, அவ பின்னல், அவ முதுகு. மடிப்புக்கு உள் பக்கம்தான் முகம். மடிப்பு மூடியிருக்கற வரைக்கும் முகம்னு ஒண்ணு இல்ல.

— மூடி வைக்கறதுக்கு எதுக்கு அச்சடிச்ச?

— அவதான் அப்படிக் கேட்டா. ‘படம் எடுத்துக்கோ, அச்சடிச்சுக்கோ, ஆனா ஒருத்தரும் பாக்கக் கூடாது’ன்னா. இது என்னடா கூத்துன்னு மூணு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் இந்த மடிப்பு தோணுச்சு. பழைய காலண்டர் தாள்ல செஞ்சு காட்டினேன். வாங்கி விளிம்பத் தடவிப் பார்த்தா. ‘உள்ள நான் இருப்பேன், யாருக்கும் தெரியாது, நல்லாருக்குடி’ன்னா. ரெண்டு வருஷத்துல அவ நல்லாருக்குன்னு சொன்னது அது ஒண்ணத்தான்.

— கன்னத்துல அது தீயா?

— கொதிக்கற எண்ணெய்.

— சமைக்கறப்ப தவறியா?

— ஊருக்கெல்லாம் அப்படித்தான். அடுப்பு வெடிச்சிருச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டது அக்காவ, முந்திக்கிட்டுப் பதில் சொன்னது அப்பா. அதுல இருந்து அவளும் அதையே சொல்றா. கடைசி மடிப்பப் பாருங்க.

— எங்க... ஏதோ எழுதியிருக்கு. ‘அடுப்பு வெடிக்கல.’ யாரு எழுதினது?

— அவதான். ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி என் கேமரா முன்னாடி வச்சா. ஒரே ஒரு தடவை எடுத்தேன். உடனே அத வாய்ல போட்டு மென்னு துப்பிட்டா.

— அப்ப ஊத்தினது?

— அத்தான்.

— உங்கப்பாவுக்குத் தெரியுமா?

— தெரியாம என்ன? தெரிஞ்சுதான் அடுப்பு வெடிச்சுது. அண்ணே, அஞ்சு மணிக்குக் கதவத் தொறப்பாங்க. அக்கா அப்பாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரா. சின்னவ புத்தகம் போட்டிருக்கான்னு அவரு புதுச் சட்டை எடுத்திருக்காரு. மணி என்ன இப்ப?

— மூணு பத்து.

— ஒட்டலாம். மெல்லிசு தாளப் பட்டையா கிழிச்சு, விளிம்பு மேல மடிச்சு ஒட்டினா மறுபடி மூடிக்கும்ல?

— ஒரு புத்தகத்துல எத்தனை மடிப்பு?

— பதினாறு.

— முப்பதுக்கு நானூத்தி எண்பது. நம்ம ரெண்டு பேருக்கும் எட்டு எட்டு கை வேணும்.

— பத்து புத்தகம் போதும். இல்ல, அஞ்சு. அஞ்ச மேஜை மேல வச்சிட்டு மிச்சத்த ஒளிச்சிடறேன். பிரஷ்ஷக் குடுங்க.

— இரு, பசைய இவ்வளவு அப்பாத. தள்ளு, நான் காட்றேன்... பாரு. காகிதம் அலை அலையா எழும்புது. ஈரத்த இழுத்துக்குது. பலகை வச்சு அழுத்தி ஒரு முழு நாள் காயணும் இது.

— டேப்பு? ரெண்டு பக்கமும் ஒட்டற டேப்பு?

— கத்தி போன விளிம்பு பாப்பா இது. ஓரம்னு ஒண்ணு மிச்சம் இருந்தாத்தானே? டேப்ப உள்ள தள்ளி ஒட்டினா முகத்து மேல ஏறும்.

— ஏறட்டும்! முகத்து மேலயே ஒட்டுங்க!

— பாப்பா.

— ஐயோ. என்ன சொன்னேன் நான்... என்ன சொல்லிட்டேன்...

— உக்காரு. அந்த ஸ்டூல்ல இல்ல, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இதுல உக்காரு.

— நூல் போட்டுத் தச்சிடலாமாண்ணே? புத்தக முதுகு தச்ச நீல நூல் மிச்சம் இருக்கு. அது அக்கா பெட்டியில இருந்து நான் எடுத்தது.

— தைக்கலாம். வாயத் தச்ச மாதிரி இருக்கும். பரவாயில்லையா?

— ஐயோ, வேண்டாம்ணே.

— அதான். வேற யோசி. நான் முதல்ல செஞ்சு குடுத்த மாதிரிப் புத்தகம் ஒண்ணு இருக்கே? அது மடிப்போடதானே இருக்கு? அத மட்டும் மேஜை மேல வச்சிரு.

— அது அக்காகிட்ட இருக்கு. உங்க கடை பேரும் போன் நம்பரும் போட்ட அந்தக் காக்கிக் கவரக்கூடத் தூக்கிப் போடாம பத்திரமா வச்சிருக்கா. கேட்டா, ஏன்னு கேப்பா. ஏன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?

— நடந்தத சொல்லு. அக்காதானே.

— உங்களுக்குத் தெரியாது. வீட்ல ஒரு கண்ணாடி பாக்கி இல்ல, எல்லாத்துக்கும் துணி போட்டிருக்கா. கரண்டியப் பளபளன்னு தேய்ச்சு வச்சாக்கூடத் திட்டுவா, மூஞ்சி தெரியுதாம். அவ முகத்த நான் ஒன்றரை வருஷம் ஜன்னல் வெளிச்சத்துல பார்த்துப் பார்த்து எடுத்தேன். ஒரு படத்தக்கூட அவ பார்க்கல. அந்தக் கன்னத்துச் சுருக்கத்துக்குன்னே கறுப்புக்கு மேல இன்னொரு சாம்பல் மையும் ஓட்டச் சொன்னேன். மூடி வைக்கற பக்கத்துக்கு எதுக்கும்மா ரெண்டு மைன்னு பிரஸ்காரர் கத்தினாரு. இருக்கட்டும் சார், அங்க இருக்கறது எங்க அக்கான்னேன். இப்ப அத அப்பா வந்து, புதுச் சட்டை போட்டுக்கிட்டு, நாலு பேரு முன்னாடி புரட்டப் போறாரு. அவ பக்கத்துலயே நிக்கப் போறா.

— அழுது முடி. அப்புறம் யோசிப்போம்.

— யோசிச்சிட்டேன். மெஷின ஆன் பண்ணுங்க.

— எதுக்கு?

— முப்பதையும் குறுக்க வெட்டிடுங்க. நடுவுல. அப்புறம் இன்னும் ரெண்டு தடவை.

— உனக்கென்ன பித்துப் பிடிச்சிருக்கா?

— ஹால்ல போய், புத்தகம் தயாராகல, பைண்டிங்ல கெட்டுப் போச்சுன்னு சொல்லிடறேன். அப்பா திட்டுவாரு, அக்கா சமாதானம் பண்ணுவா, வீட்டுக்குப் போயிடுவாங்க. முடிஞ்சுது.

— ஒன்றரை வருஷத்து வேலை பாப்பா.

— இருக்கட்டும்! அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்! ஆன் பண்ணுங்கண்ணே, உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்.

— பண்ணிட்டேன். அடுக்கி வச்சிருக்கேன். மேல கட்டை இறங்கி அமுக்கிப் பிடிச்சிருக்கு, பாரு. ஆனா நான் வெட்ட மாட்டேன். இந்தப் பக்கம் ஒரு பட்டன், அந்தப் பக்கம் ஒரு பட்டன். ரெண்டு கையாலயும் ஒண்ணா அமுக்கினாத்தான் பிளேடு இறங்கும். கை உள்ள போயிடக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கான். நீயே அமுக்கு.

— தள்ளுங்க.

— தள்ளிட்டேன்.

— ஒண்ணு, ரெண்டு, மூ...

— என்ன ஆச்சு?

— வலது கை அமுக்குதுண்ணே. இடது கை வர மாட்டேங்குது.

— புத்தியுள்ள கை. உன் போன் அடிக்குது பாரு. ‘அக்கா’ன்னு வருது.

— எடுக்காதீங்க!

— நின்னுடுச்சு... மறுபடி அடிக்குது.

— கையெல்லாம் பசை. நீங்களே எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க. எதுவும் பேசாதீங்க.

— குட்டி? எங்கடி இருக்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது?

— பாப்பா... இந்தக் குரல்...

— சும்மா இருங்கண்ணே! அக்கா, ஒண்ணுமில்ல. பைண்டர் அண்ணன் கடையில இருக்கேன். நீ இன்னைக்கு வர வேண்டாம்கா.

— ஏன்? நான் தலையெல்லாம் சீவிட்டேனே. அப்பா சட்டை கசங்கிடும்னு நாற்காலி நுனியில உக்காந்திருக்காரு, ஸ்கூல் போட்டோவுக்கு உக்காந்த மாதிரி.

— அக்கா, புத்தகம் போச்சுக்கா. மடிப்பெல்லாம் வெட்டிட்டாங்க. எல்லாப் பக்கத்துலயும் நீ வெளியில வந்துட்ட. கடைசிப் பக்கம்கூட. நீ எழுதினது. நான் உனக்குச் சத்தியம் பண்ணிட்டு... என்னைத் திட்டுக்கா. ஏதாவது சொல்லு.

— இங்க பாரு. மூக்க உறிஞ்சாம கேளு. நேத்து அந்த மாதிரிப் புத்தகத்த மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உள்ள எப்படி இருக்கேன்னு ஒரு இது. காய் நறுக்கற கத்தியால ஒரே ஒரு மடிப்பு, ஒண்ணே ஒண்ணுன்னு வெட்டினேன். அப்புறம் பதினாறையும் வெட்டிட்டேன்.

— பார்த்தியா? உன்னையா?

— ரெண்டு வருஷம் கழிச்சு. ஒம்பதாவது மடிப்புல நான் சிரிக்கிறேன் குட்டி. பல்லு தெரிய. எதுக்குடி அப்படிச் சிரிச்சேன்?

— நான் ஸ்டூல்ல இருந்து விழுந்தேன்ல. கேமராவ மட்டும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு.

— ஆமா, கழுத. முட்டி பேந்து ரத்தம் வந்துச்சு, நீ லென்ஸத் துடைச்ச.

— அக்கா, நீ தனியா வீட்ல வெட்டிப் பார்த்தது வேற. இங்க முப்பது இருக்கு. அப்பா கையில போகப் போகுது. நீ பயப்படாத, இன்னும் நேரம் இருக்கு. நானும் அண்ணனும் எப்படியாவது அத்தனையும் திரும்ப ஒட்டிடறோம்.

— ஒட்டவே முடியாதுன்னு காலையில அந்த சார் போன்ல அடிச்சுச் சொன்னாரே குட்டி. அத நம்பித்தானே வெட்டச் சொன்னேன்.