பேரு, நட்சத்திரம்

சந்திரலேகா: வேணாம்னா வுடுங்களேன் அத்த. காட்டுமன்னார்கோயில்ல பஸ் ஏறுனதுலேர்ந்து சிதம்பரம் வர்ற வரைக்கும் இதே பேச்சு.

தில்லையம்மாள்: வுட மாட்டேன். ஏழு வருஷமா வுட்டதே ஜாஸ்தி.

சந்திரலேகா: உங்க புள்ள பொறந்த நாளு அர்ச்சனைக்கு இந்த வருஷந்தான் நானும் கூட வந்துருக்கேன். இங்க வந்து அடுத்தவரு பேச்சு எதுக்கு?

தில்லையம்மாள்: ஞானசேகரன் அடுத்தவனா? ஒன் கூட ஸ்கூல்ல வேல பாக்குற வாத்தியாருதான? நேத்து அவன் வீட்டுக்கே போயிட்டு வந்துட்டேன்.

சந்திரலேகா: ... எதுக்கு?

தில்லையம்மாள்: எம் மருமொவள கட்டிக்கிறியான்னு கேக்கத்தான்.

சந்திரலேகா: அய்யோ அத்த...

தில்லையம்மாள்: டீ குடுத்தான். மொதல்ல பதில சொல்லு, அப்பறம் குடிக்கிறேன்னேன்.

சந்திரலேகா: ஊரு என்னா பேசும்?

தில்லையம்மாள்: கார்கில்லேர்ந்து எம் புள்ள பொட்டி வந்தன்னிக்கு ஊரே கூடுச்சு. மறுநாளு வீட்டுல நீயும் நானுந்தான். அந்த ஊரா?

சந்திரலேகா: அவர மறந்துடுன்னு சொல்றீங்களா?

தில்லையம்மாள்: நான் பெத்தவ, அப்புடி சொல்லுவனா? லீவுல வந்த முப்பத்தெட்டு நாளு... அவ்ளோதான் நீ அவனோட குடும்பம் பண்ணது. அதுக்கு ஏழு வருஷம் போதும்டி.

சந்திரலேகா: நான் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கா?

தில்லையம்மாள்: அதயும் கேட்டுட்டேன். நானும் கூட வருவேன், என் புள்ள போட்டோவும் வரும், கூடத்துல மாட்டணும், சம்மதமான்னு.

சந்திரலேகா: ... என்னா சொன்னாரு?

தில்லையம்மாள்: ஆணி அடிச்சி வைக்கிறேன்னான். அழுவாத. க்யூ நவுருது பாரு, நட.

தீட்சிதர்: வாங்கோம்மா. ஆனி மாசம் கேட்டைன்னா வந்துடுவேளே. சிலம்பரசன், கேட்டை நட்சத்திரம். பையன் மிலிட்டரில சௌக்கியமா இருக்கானா?

சந்திரலேகா: அத்த... இவுங்ககிட்ட சொல்லவே இல்லியா?

தில்லையம்மாள்: செத்தவங்க பேருக்கு அர்ச்சன பண்ண மாட்டாங்கன்னு சொன்னாங்க. அதான் பார்டர்ல இருக்கான்னு சொல்லி வச்சேன். வருஷத்துல ஒரு நாளாவது இருக்கற புள்ள மாதிரி அவன் பேர கேக்கலாமேன்னு... மன்னிச்சிக்கங்க சாமி. அவன் சண்டையில போயி ஏழு வருஷமாச்சு.

தீட்சிதர்: ... நானும் வருஷா வருஷம் தீர்க்காயுசுன்னு சொல்லிண்டிருந்தேனேம்மா.

தில்லையம்மாள்: அது கேக்கத்தான் சாமி வந்தேன். இனிமே வேணாம்.

தீட்சிதர்: சரி... இன்னிக்கு யார் பேருக்கு?

தில்லையம்மாள்: இருக்கறவங்க பேருக்கு. சந்திரலேகா, ரோகிணி. அப்பறம் ஞானசேகரன்.

தீட்சிதர்: அவருக்கு நட்சத்திரம்?

தில்லையம்மாள்: அத கேக்க மறந்துட்டேன். சாமி பேருலயே...

சந்திரலேகா: அஸ்தம்.

தில்லையம்மாள்: ஒனக்கு எப்புடிடி தெரியும்?

சந்திரலேகா: மாசியில அவரு காமாலையில படுத்தாரே... கடலூர்ல ட்ரெயினிங்னு உங்ககிட்ட சொல்லிட்டு, இங்கதான் வந்து அவரு பேருக்கு அர்ச்சன பண்ணிட்டுப் போனேன் அத்த.