கனடாவிலிருந்து வந்த வெளிச்சம்

என் மகளின் சாதகக் குறிப்பைப் பொருத்தம் பார்க்கக் கொண்டுபோனபோது பஸ்ஸில் கேட்ட பேச்சு இது. குறிப்பு இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.

கப்பல்துறையில் ஏறிய தாயும் மகளும் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். மகளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கன்னம் முழுவதும் சிவந்த பருக்கள்.

"கலியாணம் பேசுற நேரத்தில முகம் கிடக்கிற கிடையைப் பார். முகத்தை மினுக்கிற அந்தச் சிவப்பு லைட் மாஸ்க்கைப் போடத் தொடங்கின பிறகுதான் இவ்வளவும்."

"அதை அனுப்பினது ஆர்? உங்கட மாப்பிள்ளையின்ர அக்கா. பொம்பிளையின்ர முகத்தில வெளிச்சமில்லை எண்டு கனடாவில இருந்து பார்சல் போட்டவ."

"தொடக்கத்தில பரு வரும், பிறகு அடங்கும் எண்டு பெட்டிக்குள்ள கடதாசி இருந்ததெல்லோ?"

"ஓம். ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் போடச் சொல்லியிருக்கு. நான் ஒரு மணித்தியாலம் போடுறன்."

தாய் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"உனக்கென்ன விசரே?"

"இந்தக் கலியாணம் வேண்டாம் எண்டு மூண்டு தரம் சொன்னனான், அம்மா. நீங்கள் கேக்கேல்ல. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில என்னைப் பாத்திட்டு அவையளே வேண்டாமெண்டு சொல்லட்டும்."

சீனக்குடாவில் பஸ் நின்றபோது தாய் மகளின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முகம் எரியேல்லையே, பிள்ளை?"

"எரியுது."

"அவையள் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

"லைட் நல்லா வேலை செய்யுது எண்டு சொல்லுங்கோ."