பூபாலன் மறைக்காத கயிறு

மேடையில் வீற்றிருக்கும் மலையேற்றக் கழகத் தலைவர் வாசுதேவன் அவர்களே, பூபாலனின் துணைவியார் ரெபேக்காள் அம்மா அவர்களே, கல்பாக்கத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

நம் செயலாளர் பூபாலன் போய்விட்டார். பனிச்சரிவுகளுக்குத் தப்பி வந்த மனிதரை, வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது மாரடைப்பு கொண்டுபோய்விட்டதே!

நம் பயிற்சிப் பாறையடியில் அவருக்கு ஒரு நினைவுக்கல் நாட்டப்போகிறோம். 'ஆல்பைன் முறையில் சிகரம் தொட்டவர்' என்று அதில் பொறிக்க வேண்டும் என்பது பலருடைய ஆசை. அன்பினால் வந்த ஆசைதான். ஆனால் பொறிக்கலாமா?

அது என்ன முறை என்று சிலர் கேட்கலாம். உதாரணம் சொல்லாமல் எனக்குப் பேச வராது. கூடுவாஞ்சேரியிலிருந்து மாமல்லபுரத்துக்கு நடக்கிறோம். வழிநெடுக ஆள் வைத்து, கூடாரம் போட்டு, சோறு ஆக்கிவைத்துவிட்டு நடப்பது ஒரு வகை. நம் மூட்டையை நாமே சுமந்து, யார் கையையும் எதிர்பாராமல் ஒரே மூச்சாகப் போய்த் திரும்புவது இன்னொரு வகை. மலையில் இந்த இரண்டாவது வகைக்குத்தான் ஆல்பைன் முறை என்று பெயர்.

1998இல் பூபாலனும் நண்பர் ஞானதாஸும் கட்வால் இமயத்தில் ஒரு சிகரத்தில் அப்படித்தான் ஏறினார்கள். இறங்கும்போது ஞானதாஸின் விரல்கள் பனியில் மரத்துப்போயின. வேறு ஏதோ ஓர் அணி விட்டுச்சென்ற கயிறு பனிச்சுவரில் தொங்கியது. அதைப் பிடித்து இறங்கினார்கள்.

ஊர் திரும்பியதும் நடந்த பாராட்டு விழாவில் கழகத்தின் அன்றைய தலைவர், “முழுக்க முழுக்க ஆல்பைன் முறை!” என்று அறிவித்தார். பூபாலன் எழுந்தார்.

“இல்ல அண்ணாத்த. இன்னொருத்தர் கயித்தப் புடிச்சோம்.”

“எறங்கச்சொல்லதானேப்பா? ஏறும்போது இல்லியே!”

“எறங்காம வூட்டுக்கு வந்தவன் எவனாச்சும் கீறானா?”

சபை சிரித்தது. ஞானதாஸ் சிரிக்கவில்லை. அந்தப் பெருமை அவருக்கும் சேர்த்துத்தானே பறிபோகிறது! “மச்சான், என் வெரலக் காப்பாத்தத்தானே புடிச்ச? அத்த ஏன் சபையில சொல்லிகினு கீற?” என்றார்.

“வெரல் கீது இல்ல? அப்பறம் பேரு எதுக்கு மச்சான்?”

எவ்வளவு பெரிய சொல்! நண்பனுடைய விரலுக்காகப் புகழை விட்டார். புகழுக்காக உண்மையை விடவில்லை.

பயிற்சிப் பாறையிலும் அதே மனிதர்தான். ஏறி இறங்கிய ஒவ்வொருவரும், எங்கே கயிற்றில் தொங்கினோம் என்று சொன்ன பிறகுதான் நாஸ்தா.

“இன்னா ஷ்யாம், நீ ஏறுனியா, கயிறு ஏத்துச்சா?”

“பாதி பாதி சார்.”

“அப்ப இட்லியும் பாதி!”

சொல்வாரே தவிர, முழுத் தட்டையும் அவரே எடுத்துக் கொடுப்பார்.

இப்படிப்பட்டவருடைய கல்லில், அவர் இருந்தபோது மறுத்த வார்த்தையை, அவர் மறுக்க முடியாத நாளில் பொறிப்பதா? நேற்று ரெபேக்காள் அம்மாவிடம் கேட்டேன். “அவர் இருந்தா உங்ககூட சண்டைக்கு வருவாரு சார்” என்றார்.

ஆகவே நான் முன்வைப்பது இது. கல்லில் அவர் பெயரும் சிகரமும் இருக்கட்டும். அதன் கீழே ஒரு வரி: 'பெயர் தெரியாத ஓர் அணியின் கயிற்றுக்கு நன்றி.' அந்தக் கல்லடியில் நின்று, எங்கே தொங்கினோம் என்று இனியும் ஒவ்வொருவரும் சொல்வோம். அதை நடத்தும் பொறுப்பை ஞானதாஸ் ஏற்றிருக்கிறார்.

இப்போது பூபாலனுக்காக எழுந்து மௌனம் காக்கப்போகிறோம். அந்த வரிக்குச் சம்மதம் என்றால் கைதட்ட வேண்டாம். எழும்போது அதற்கும் சேர்த்தே எழுந்திருங்கள்.