இடது கால் ஷூ

பதினோராயிரத்து நானூறு ரூபாய். அந்தக் கடனுக்காகச் செய்த ஒரு காரியத்தைத் திருப்பி எடுக்கத்தான், ராத்திரி ஒன்றரை மணிக்கு, எதிரே ஒரு விளக்குகூட வராத ரோட்டில் ஒரு மனுஷன் வேனை விரட்டிக்கொண்டு போனான்.

நெருங்கி உட்காருங்கள். லோடு வர இன்னும் நேரம் கிடக்கிறது. இது எங்களோடு மூட்டை தூக்குகிற ஒட்டடைக்குச்சியின் அக்கா புருஷனுக்கு நடந்தது. அக்கா சொன்னது பாதி, ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன் சொன்னது மீதி. நான் ஒன்றும் கூட்டவில்லை. ஒட்டடைக்குச்சி இதோ பக்கத்தில்தான் இருக்கிறான். ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவன்... இந்தக் கதை ஆரம்பித்தால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வான்.

அக்கா புருஷன் வேன் டிரைவர். பள்ளிக்கூடங்களுக்குச் சரித்திரப் பெட்டி வாடகைக்கு விடுகிற இடத்தில் வேலை. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் ஏறாத சரித்திரத்தைக் கையில் கொடுத்து ஏற்றுவது. பெட்டிக்குள் அந்தந்தக் காலத்து ஆட்கள் நிஜமாகவே புழங்கிய சாமான்கள். ஸ்பாஞ்சில் குழி வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம். இவன் கொண்டுபோனது, ஏதோ ஒரு பழைய போரில் ஊரைவிட்டு ஓடினவர்களின் பெட்டி. நசுங்கிய தகரக் குவளை. உடைந்த மூக்குக்கண்ணாடி. வீடு இல்லாமல் போன சாவி. ஒரு சிறுமியின் இடது கால் ஷூ.

பாடம் நடக்கிற விதம் இப்படி. ஆளுக்கு ஒரு சாமானைக் கையில் வாங்கி, கண்ணை மூடி, “நான்” என்று ஆரம்பித்து, அதன் சொந்தக்காரராகவே பேச வேண்டும். எனக்கு எழுத்து வந்ததே தலை நரைத்த பிறகு, வகுப்பறை சங்கதியெல்லாம் கேள்விஞானம்தான். மணி அடித்ததும் சாமானை அடுக்க வேண்டுமே, அதனால் டிரைவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். “எங்க மாமா பத்தாவதை நாலாவது தடவையா படிக்கிறாரு, இன்னும் பாஸாகல” என்று ஒட்டடைக்குச்சி அப்போதெல்லாம் கிண்டல் பண்ணுவான்.

ஒரு நாள் மேடுபள்ளத்தில் வேனின் பின்கதவு திறந்து பெட்டி சரிந்தது. ஷூ எங்கேயோ விழுந்துவிட்டது. ரோடு ரோடாகத் தேடினான். இல்லை.

“பதினோராயிரத்து நானூறு. சம்பளத்துல பிடிப்பேன்” என்றார் முதலாளி.

அந்தச் சம்பளத்தில் பிடித்தால் வீட்டில் அடுப்பு எரியாது. என்ன செய்வான்? மகளுக்குச் சிறிதாகிப்போன பழைய ஷூ ஒன்று கிடந்தது. இடது காலை எடுத்தான். டீத்தண்ணீரில் ஊறப்போட்டான், மண்ணில் புரட்டினான், காயவைத்தான். குழியில் கச்சிதமாக உட்கார்ந்தது. “கிடைச்சிருச்சு முதலாளி.”

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெட்டி ஒரு சுத்து போயி வரட்டும். எந்த வாத்தியாரும் ஒண்ணும் சொல்லலைன்னா கடனை அடிச்சிடறேன்.”

செத்தவர்கள் சாமானுக்கு நடுவே உயிரோடு இருக்கிற பிள்ளையின் ஷூ... அது அப்போது அவன் புத்தியில் படவில்லை.

முதல் பள்ளிக்கூடம். ஒரு பையன் ஷூவைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “நான் ரொம்ப தூரம் நடந்தேன். குதிகாலெல்லாம் கொப்புளம்.” சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மகளின் இடது குதிகாலில் கொப்புளம். “நான் வாசப்படியைக்கூட தாண்டலப்பா” என்கிறாள்.

இரண்டாவது பள்ளிக்கூடம். “நான் பனியில நடந்தேன். முட்டி வரைக்கும் மரத்துப்போச்சு.” அன்றைக்கு ராத்திரி மகளின் கால் முட்டிவரை ஐஸ். தொட்டால் கை சுருக்கென்றது. டாக்டர் தட்டிப் பார்த்தார், குத்திப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அறை முழுக்க ஒரு வாடை... மழையில் அணைந்த நெருப்பின் வாடை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பெட்டியைச் சாயங்காலமே மூன்றாவது பள்ளிக்கூடத்தில் இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தான். காலையில் முதல் பீரியட். அந்த ஷூக்காரச் சிறுமி எல்லையைத் தாண்டாமலே செத்துப்போனாள் என்பதுதான் பாடத்தின் முடிவு. நாளைக்கு ஏதாவது ஒரு பிள்ளை அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால்?

“என்னங்க, புள்ள கால் கட்டையா கிடக்கு, நீங்க எங்க கிளம்பறீங்க?”

“என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்டி. போனைக் காதுலயே வெச்சிரு.”

அந்த ரோடு... காலி வேன். பின்னால் யாரோ நடக்கிற சத்தம்.

டக்... சொத்.

டக்... சொத்.

ஒரு காலில் ஷூ. ஒரு கால் வெறுங்கால். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். “பின்னாடி யாரோ இருக்காங்கடி.”

பெட்டிக்காக வந்தேன் என்றதும் பள்ளிக்கூட வாட்ச்மேன் கொட்டாவி விட்டார். “யோவ், ஹிஸ்டரி எங்க ஓடிடப் போகுது? செத்தவங்க சாமான்தானே, விடிஞ்சு வாய்யா.”

“அண்ணே, அதுல ஒண்ணு உசிரோட இருக்கறவளோடது.”

அவர் சாவியை எடுத்தார்.

வகுப்பறை. சுவரில் தேசப்படங்கள். அறைக்குக் குறுக்கே ஒரு கயிறு, அதில் வருஷ வாரியாக மாட்டிய அட்டைகள். ஜன்னல் சாத்தியிருந்தது... அட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. காலைப் பாடத்துக்காக சாமான்களை மேஜைக்கு ஒன்றாக எடுத்து வைத்திருந்தார்கள். ஷூ இருந்தது கடைசி பெஞ்சில். உள்ளே ஈரம்.

கையில் எடுத்தான். போனில் அலறல். “ஐயோ, புள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க!”

வைத்தான். “வந்திருச்சு... மூச்சு வந்திருச்சு.”

மறுபடி எடுத்தான். மறுபடி அலறல். வைத்தான்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, தன் இடது கால் ஷூவின் கயிற்றை அவிழ்த்தான்.

“என்னய்யா பண்றே?”

“இடம் காலியா இருக்கக் கூடாது போலண்ணே.”

தன்னுடையதை அங்கே வைத்துவிட்டு, மகளுடையதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். “இப்பப் பாருடி.”

இந்தத் தடவை அலறல் இல்லை. அப்புறம் அக்காவின் குரல். “சூடு வருதுங்க... கட்டைவிரல் அசையுதுங்க...”

பெரிய மனுஷன், தேம்பித் தேம்பி அழுதான் என்றார் வாட்ச்மேன்.

ஆனால் அவன் வீடு போய்ச் சேரவில்லை; பாதி வழியில் கால் மரத்து ஓரங்கட்டியிருக்க வேண்டும். காலையில் பார்த்தவர்கள் சொன்னார்கள்: வேன் ரோட்டோரமாக ஒழுங்காக நின்றிருந்தது. பின்கதவு மட்டும் திறந்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். மேலே ஒரு கீறல் கிடையாது. இடது பாதம் மட்டும் கொப்புளம் கொப்புளமாக... முட்டிவரை ஈரச் சேறு. முதல் பீரியட் நேரத்தில்தான் உயிர் போயிருக்கும் என்றார்கள். மடியில் மகளின் ஷூ. அது காய்ந்திருந்தது.

டிரைவரைக் காணோமே என்று, அன்றைக்குப் பெட்டியை எடுக்க முதலாளியே போயிருக்கிறார். சாவுச் சேதி அவருக்கு அப்போது தெரியாது. பாடம் முடியட்டும் என்று வகுப்பு வாசலில் நின்றாராம்.

சாயங்காலம் துக்கம் கேட்க வந்தவர் உட்காரவே இல்லை. “கடனை அடிச்சிட்டேன்மா. நீங்க ஒரு காசு தரவேண்டாம்” என்றார். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“கடைசி பெஞ்சில ஒரு பொண்ணு, அந்தப் பெரிய ஷூவை மடியில வெச்சு, கண்ணை மூடிக்கிட்டு இருந்துச்சு. ‘நான் வேன் ஓட்டினேன்’னு ஆரம்பிச்சது. வாத்தியார் சிரிச்சாரு. அது கண்ணைத் திறக்காமலே வாசப்பக்கம் திரும்பி என்னைக் கேட்டுச்சு... ‘முதலாளி, எம்பொண்ணு கால் இப்ப சூடாத்தானே இருக்கு?’”